ஹோஸ்டாவுக்குக் குளிர் வேண்டும்... சேம்புக்கு நிழல் போதும்!

வெயில் விழாத புழக்கடையில் என்ன வைக்கலாம் என்ற கேள்வி நம் கேள்வி-பதில் பகுதிக்குப் புதிதல்ல. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. செல்போனில் ‘ஹோஸ்டா’ என்ற செடியின் படத்தைப் பார்த்துவிட்டு, சேலம், நாமக்கல் பக்கம் இது வளருமா, விதை விற்கிறார்களே வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒரு பாக்கெட்டில் நீல இலை, மஞ்சள் இலை, வானவில் நிறத்து இலை என்று பத்து வகை வரும் என்கிறது விளம்பரம்.

வாங்காதீர்கள். காரணம் சொல்கிறோம். கூடவே, அதே இடத்தில் அதைவிடப் பெரிய இலையோடு நின்று, குழம்புக்கும் கிழங்கு தரும் செடிகளைப் பற்றியும் பார்ப்போம்.

ஹோஸ்டா சீனா, ஜப்பான், கொரியா பகுதிகளின் காட்டுச் செடி. மரத்தடி நிழலில், கொத்துக் கொத்தாக அகன்ற இலைகளோடு வளரும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் ஹோஸ்ட் என்பவரின் நினைவாக 1812-ல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. 1820-களில் ஜப்பானில் தங்கியிருந்த சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் பல ரகங்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் இதற்கென்றே 1968-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைக்குப் பதிவு செய்யப்பட்ட ரகங்களே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் வீட்டுப் படம் அனுப்பினால், வாசலோரம் வெள்ளைக் கரை போட்ட இலைகளோடு நிற்பது பெரும்பாலும் இதுதான். ஜப்பானில் இதன் இளந்தளிரைக் கீரையாகவே சாப்பிடுகிறார்கள்.

இவ்வளவு நல்ல செடி இங்கே ஏன் வராது? அதற்குத் தூக்கம் வேண்டும். குளிர்காலம் வந்தால் இலையெல்லாம் பழுத்து விழுந்து, அடிக்கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். சுமார் 5 டிகிரிக்கும் கீழான குளிரில் ஆறு வாரமாவது அப்படிக் கிடந்தால்தான் அடுத்த வருஷம் திடமாக முளைக்கும். சேலத்தில் மார்கழி, தை மாத இரவிலேயே சராசரி 18, 19 டிகிரி இருக்கிறது. அந்தச் சூட்டில் செடிக்கு உறக்கம் வராது. முதல் வருஷம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அடுத்த வருஷம் இலை சிறுக்கும். மூன்றாம் வருஷம் தொட்டியில் மண் மட்டும் இருக்கும்.

ஏற்காட்டில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், நல்ல குளிர்தான். ஆனால், 5 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் நிற்கும் குளிர் அங்கேயும் கிடையாது. வெப்ப நாடுகளில் சில ஆர்வலர்கள் கிழங்கை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துத் தூங்கவைக்கிறார்களாம். நம் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கே இடம் போதாது.

விதை சமாசாரம் இன்னும் மோசம். வெள்ளைக் கரை, மஞ்சள் நடு என்று நிறம் கலந்த ஹோஸ்டா ரகங்களைத் தூரைப் பிரித்து நட்டோ, திசு வளர்ப்பிலோதான் பெருக்குகிறார்கள். விதை போட்டால் தாய்ச்செடியின் நிறம் வருவது அரிது. வானவில் நிறத்தில் ஹோஸ்டாவே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கிழங்கைப் பெட்டியில் போட்டு எடுத்துவரச் சொல்வதும் கூடாது. 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் நடவுப் பொருளைக் கொண்டுவர முடியாது.

வடக்குச் சுவரில் எப்போதும் நிழல் இருக்காது

நிழல் செடி வைக்கும் முன் நிழலைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ‘வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்’ என்று தோட்டப் புத்தகங்களில் இருக்கும். அது ஐரோப்பாவுக்கு எழுதியது. சேலம், நாமக்கல் பகுதி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 முதல் 12 டிகிரிக்குள் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரம் வாக்கில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடும். ஆவணி முதல் வாரம்வரை அப்படித்தான். அதாவது, கத்திரி வெயில் முழுவதும் வடக்குச் சுவரோரம் வெயில் அடிக்கும்! தை மாதம் பார்த்து ‘நல்ல நிழல்’ என்று நட்ட செடி, வைகாசியில் கருகிப்போவதற்கு இதுதான் காரணம்.

வடக்குப் பக்கம் நடுவதாக இருந்தால் ஒரு வாழையோ, முருங்கையோ, அகத்தியோ துணைக்கு வேண்டும். பரமத்தி வேலூர் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அகத்தியை வளர்த்து, அதன் அரை நிழலில்தான் கொடியை ஏற்றுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஆகச் சிறந்தது கிழக்குப் பக்கம். காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம் விழுந்து, பிறகு வீட்டு நிழல் வந்துவிடும். மேற்குப் பக்கம் மரம் இல்லாவிட்டால், இலைச் செடிகளை மறந்துவிடுங்கள்.

தென்னந்தோப்பில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு அரை நிழல் தானாகவே கிடைக்கும். ஆனால், மேல்மண்ணில் தென்னை வேர் பின்னிக் கிடக்கும். மரத்திலிருந்து ஆறடி தள்ளிக் குழி எடுத்து, தேங்காய் மட்டையை அடியில் அடுக்கி மண்ணும் தொழு உரமும் போட்டால் ஈரம் நிற்கும்.

சேம்பில் எத்தனை சேம்பு!

ஹோஸ்டாக்காரர்கள் ரகம் ரகமாகச் சேர்ப்பதைப்போல நாம் சேர்க்கத் தகுந்தது சேம்புக் குடும்பம். பொடக்காலியில், குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் தானாக நிற்பதால் அதற்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது.

சாப்பிடும் சேம்பில் இரண்டு பெரும் பிரிவு உண்டு. ஒன்றில், நடுவில் ஒரு தாய்க்கிழங்கும் சுற்றிலும் பத்துப் பதினைந்து சிறு கிழங்குகளும் வரும். நாம் சந்தையில் வாங்கும் சேப்பங்கிழங்கு இந்த வகைதான். இன்னொன்றில் தாய்க்கிழங்கே ஒன்றாகப் பருத்துவிடும். தண்டிலும் வேறுபாடு உண்டு: பச்சைத் தண்டு, ஊதா ஓடிய தண்டு, ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும் தண்டு. கேரளத்தில் ‘சீரச்சேம்பு’ என்று ஒன்றை வளர்க்கிறார்கள். கிழங்குக்காக அல்ல, இலைக்கும் தண்டுக்கும். மற்றவற்றைவிட அரிப்பு மிகக் குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ ரஷ்மி, ஸ்ரீ பல்லவி, ஸ்ரீ கிரண் போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஒடிசாவில் புழக்கத்தில் இருக்கும் முக்தகேசி, இலைக்கருகல் நோயைத் தாங்கும் ரகம்.

அந்த நோயைக் கொஞ்சம் பேச வேண்டும். ஒரே ரகத்தை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1993-ல் பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவு ஓர் உதாரணம். அந்த மக்களுக்குச் சேம்புதான் சோறு, ஏற்றுமதியும் அதுதான். பெரும்பாலான தோட்டங்களில் ‘நியூவே’ என்ற ஒரே ரகம் நின்றது. இலைக்கருகல் நுழைந்ததும் சில மாதங்களில் நாட்டின் சேம்பு விளைச்சலே படுத்துவிட்டது. பிறகு வேறு நாட்டு ரகங்களைக் கொண்டுவந்து ஒட்டுச் சேர்த்துத்தான் மீண்டும் எழுப்பினார்கள். இதே நோயைத் தாங்கும் சேம்பை உருவாக்க ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒட்டுச் சேர்ப்பில்தான், கறுப்பு இலை, புள்ளி இலை என்று அழகுச் சேம்புகளும் வெளிவந்தன. இன்று ஹோஸ்டா வராத சூடான ஊர்களில் அவற்றைத்தான் அழகுக்கு வைக்கிறார்கள்.

நம் பக்கமும் ஐப்பசி மழையில் இந்த நோய் வரும். இலையில் தண்ணீர் பட்டு ஊறியதுபோல வட்டப் புள்ளி விழும். இரண்டு, மூன்று நாளில் அது பெரிதாகி, விளிம்பில் மஞ்சள் திரவம் கசிந்து, இலை ஓட்டையாகும். பார்த்ததும் அந்த இலையை அறுத்து எடுத்துத் தூரமாகப் புதையுங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். நெருக்கமாக நடாதீர்கள். நடும் கிழங்கை டிரைக்கோடெர்மா விரிடி கரைசலில் நனைத்து நடலாம். மூன்று, நான்கு ரகமாக நட்டிருந்தால், ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

நடவு எளிது. வைகாசி, ஆனியில் 20, 25 கிராம் எடையுள்ள முளைகட்டிய சிறு கிழங்காகப் பொறுக்கி, இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். தண்ணீர் வசதி இருந்தால் மாசியிலேயே தொடங்கலாம். செம்மண்ணாக இருந்தால் மக்கிய தொழு உரத்தைத் தாராளமாகப் போடுங்கள். காய்ந்து இறுகும் மண்ணில் கிழங்கு கோணலாகும். ஒன்றரை மாதத்தில் ஒரு முறை, இரண்டரை மாதத்தில் ஒரு முறை களை எடுத்து மண் அணையுங்கள். ஆறு, ஏழு மாதத்தில் இலை பழுத்துச் சாயும்போது தோண்டலாம். கீரைக்காக இலை பறித்தால் செடிக்கு நான்கு இலையாவது மிச்சம் வையுங்கள். மொட்டையடித்தால் கிழங்கு இருக்காது. கொங்கணியர் சேம்பிலையில் புளி சேர்த்த அரிசி-பருப்பு மாவைத் தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைப்பார்கள். நம் பக்கம் அந்தப் பழக்கம் குறைவு. ஒரு முறை செய்து பாருங்கள்.

எந்தத் தண்ணீரில் வளர்க்கிறோம்?

குளியல் தண்ணீரில் சேம்பு வளர்ப்பது பழைய வழக்கம். அது தவறில்லை. சோப்புத் தண்ணீரை நேராக விடாமல், கல்லும் மணலும் போட்ட ஒரு குழியில் இறக்கி விட்டால் போதும். துணி துவைக்கும் பவுடர் கரைந்த தண்ணீரை மட்டும் வேறு பக்கம் திருப்புங்கள்.

ஆனால், தெருச் சாக்கடை ஓரத்தில் நிற்கும் சேம்பைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் உண்டு. அவற்றின் கழிவு கலக்கும் தண்ணீரில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். சேம்பு தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை, அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். எவ்வளவு வேகவைத்தாலும் உலோகம் போகாது. ‘சும்மா கிடக்கிறதே’ என்று சாக்கடையோரத்துத் தண்டை அறுத்து விற்பவர்களிடம், எங்கே அறுத்தது என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.

அழகுக்கு உள்ளது, அடுப்புக்கு உள்ளது

நர்சரியில் இதே சாயலில் நிறையச் செடிகள் விற்கிறார்கள். சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புத் தெளித்த இலையோடு இருப்பது கலாடியம். தென் அமெரிக்காவின் செடி. உலகத்துக்குத் தேவையான கலாடியம் கிழங்கில் பெரும்பகுதி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், லேக் பிளாசிட் என்ற ஒரே ஊரைச் சுற்றி விளைகிறது. இலை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, ஆள் உயரத்துக்கு நிற்பது அலோகேசியா. தண்டு தடித்து, இலையில் வெள்ளை தெளித்திருப்பது டைஃபன்பாக்கியா. எல்லாமே அரை நிழலில் அருமையாக வரும். எதையும் தின்னக் கூடாது.

இந்தக் குடும்பம் முழுவதிலும், சாப்பிடும் சேம்பு உட்பட, கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. கடித்தால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தும். கிழங்கை நறுக்கும்போது கை அரிப்பதும் அதனால்தான். வேகவைத்தும் புளி சேர்த்தும் நாம் சேம்பை அடக்குகிறோம். டைஃபன்பாக்கியாவை அப்படி அடக்க முடியாது. வாய் வீங்கிப் பேச்சு வராமல் போவதால் ஆங்கிலத்தில் அதற்கு ‘ஊமைத் தண்டு’ என்ற பொருளில் பெயர்.

எப்படி அடையாளம் காண்பது என்று கேட்பார்கள். சேம்பிலையில் காம்பு, இலையின் பிளவில் சேராமல், அதற்கு உள்ளே தள்ளி அடிப்பக்கத்தில் சேரும். இலை தரையைப் பார்த்துத் தொங்கும். தண்ணீர் ஊற்றினால் முத்தாக உருண்டு ஓடும். அலோகேசியாவில் பெரும்பாலும் காம்பு பிளவிலேயே சேரும். ஆனால், இதை மட்டும் நம்பிக் குழம்பு வைக்காதீர்கள். கலாடியத்திலும் காம்பு சேம்பைப் போலத்தான் சேரும். நாம் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட அதே தூரிலிருந்து வாங்கிய கிழங்கு மட்டும் அடுப்புக்கு. நர்சரியில் வாங்கியது அழகுக்கு. இரண்டையும் ஒரே பாத்தியில் நடாதீர்கள். கிழங்கு ஓடிக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் அழகுச் செடியைத் தொங்கும் தொட்டியில் வையுங்கள். கழித்த இலையை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். அவற்றுக்கும் வாய் புண்ணாகும். குழந்தை கடித்துவிட்டால், வாயில் இருப்பதைத் துடைத்தெடுத்து, தண்ணீரால் கழுவி, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொடுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, இலையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் சேம்பிலையைத் தவிர்ப்பது நல்லது.

கருணை, மஞ்சள், கச்சோலம்

கொஞ்சம் வெயில் கூடுதலாக விழும் இடத்தில், சேனை என்றும் கருணை என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் பெரிய கிழங்கை வைக்கலாம். ஒற்றைத் தண்டு, மேலே குடை விரித்ததுபோல ஒரே இலை, தண்டெல்லாம் பாம்புத்தோல் புள்ளி. அழகில் எந்த வெளிநாட்டுச் செடிக்கும் குறைந்ததல்ல. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி, இரண்டடிக் குழி, குழிக்கு இரண்டு கிலோ தொழு உரம். நடுமுளையின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும்படி அரை கிலோ முதல் ஒரு கிலோத் துண்டாக வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி நடுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் ஒரு கிலோத் துண்டு மூன்று கிலோ வரை தரும். ஆந்திராவில் உருவான கஜேந்திரா ரகத்தில் அரிப்பு குறைவு. வீட்டுக்கு அதுவே போதும்.

மஞ்சளைப் பற்றிச் சேலத்து ஆட்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது! வயலில் போடுவதைத்தான் வீட்டோரம் அரை நிழலிலும் போடலாம் என்பது மட்டும் பலருக்குத் தோன்றுவதில்லை. நிழல் கூடினால் கிழங்கு மெலியும், இலை அகலும். வைகாசியில் பத்து விரலி ஊன்றினால் பொங்கலுக்குக் கொத்து வாங்க வேண்டியதில்லை. கூடவே மாங்காய் இஞ்சி நான்கு துண்டு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் நம்மைப்போலவே ஹோஸ்டா சரியாக வருவதில்லை. அங்குள்ளவர்கள் இஞ்சிக் குடும்பத்தில் தரையோடு படரும் ‘பீகாக் ஜிஞ்சர்’ என்ற செடியை வைத்து, அதற்குத் ‘தெற்கத்தி ஹோஸ்டா’ என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். அது மியான்மர், தாய்லாந்துப் பக்கத்துச் செடி. இலையில் மயில்தோகைபோலக் கோலம் இருக்கும். அதன் நெருங்கிய உறவுதான் நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கச்சோலம். வட்ட இலை மண்ணோடு ஒட்டிப் படுத்திருக்கும். வெள்ளைப் பூவில் ஊதாப் புள்ளி. தென்னைக்கடியில் நன்றாக வரும்.

இலை நுனி கருகுகிறது என்று எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா போன்ற அழகுச் செடிகளுக்கு அது ஆகாது. உரம் போதவில்லை என்று மேலும் உரம் போடாமல், பிடித்துவைத்த மழைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

கிழங்கு எங்கே கிடைக்கும்?

முதலில் உறவினர் வீட்டுப் புழக்கடை. அடுத்தது வாரச் சந்தை. முளைவிட்ட சேப்பங்கிழங்கை வியாபாரி ஒதுக்கி வைத்திருப்பார், அதுவே நமக்கு விதை. கொல்லிமலை போகிறவர்கள் சோளக்காடு சந்தையில் கிழங்குக் கடைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். ரகம், நோய் பற்றிய சந்தேகங்களுக்கு சேலம் சந்தியூரிலும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

வாங்கிவந்த ஒவ்வொரு ரகத்துக்கும் யார் வீட்டிலிருந்து வந்தது, தண்டு என்ன நிறம், அரித்ததா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கார்த்திகை, மார்கழியில் கலாடியம் இலை வாடினால் செத்துவிட்டதென்று பிடுங்கி எறியாதீர்கள். அதுவும் தூங்கத்தான் போகிறது, ஆனால் அதற்கு ஐஸ் குளிர் வேண்டாம். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத மூலையில் தள்ளிவையுங்கள். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் தண்ணீர் ஊற்றினால் முளைக்கும். தோண்டிய சேப்பங்கிழங்கில் விதைக்கு வேண்டியதைக் காயம்படாமல் பொறுக்கி, காய்ந்த மணலில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள், வைகாசிவரை தாங்கும்.